பந்தயம் இல்லாத மாதங்களில் சுமோ

ஜப்பானுக்குக் குடும்பத்தோடு பிரயாணம் செய்ய ஏற்பாடு பண்ணுகிறவர்களில் பலர், தாங்கள் அங்கே இருக்கப்போகும் நாட்களில் சுமோப் பந்தயம் எதுவும் நடைபெறாது என்று தெரிந்தவுடனே, அந்த ஆசையை அடியோடு கைவிட்டு, வேறு காட்சிகளைத் தேடப் புறப்பட்டுவிடுகிறார்கள். சுமோவின் பெரும் பந்தயங்கள் ஜனவரி, மார்ச், மே, ஜூலை, செப்டம்பர், நவம்பர் ஆகிய ஆறு மாதங்களில், ஒவ்வொன்றும் 15 நாட்கள் என்ற கணக்கில் நடைபெறுகின்றன. 1958ஆம் ஆண்டில் ஏற்பட்ட நியதி இது. நம் பள்ளிகளின் கோடை விடுமுறையோடு மே மாதப் பந்தயம் ஒன்று மட்டும் ஒருவாறு பொருந்துகிறது. செர்ரி மலர்களைக் காண ஏப்ரலில் போகிறவர்களுக்கும், காலாண்டு விடுமுறையை ஒட்டி அக்டோபரில் போகிறவர்களுக்கும், டிசம்பர் அரையாண்டு விடுமுறையில் போகிறவர்களுக்கும் பந்தய மண்டபத்தின் வாயில் அடைத்தே கிடக்கும்.

இதை ஒரு நஷ்டமாகக் கருத வேண்டியதில்லை என்பதும், குழந்தைகளை உடன் அழைத்துச் செல்லுகிறவர்களுக்குப் பந்தயம் இல்லாத மாதமே பல விதங்களில் மேலானது என்பதும் என் அபிப்பிராயம். பந்தயத்துக்குச் சீட்டுக் கிடைப்பது அண்மைக் காலத்தில் மிகவும் அரிதாகிவிட்டது. கிடைத்தாலும், 11,000 பேர் அமரக்கூடிய மண்டபத்தின் மேல்மாடியிலிருந்து, சில விநாடிகளில் முடிந்துவிடும் சண்டைகளை, அவற்றுக்கு முன்னும் பின்னும் நிகழும் நீண்ட சடங்குகளின் தாத்பரியம் விளங்காமல், எட்டு வயதுக் குழந்தை ஒன்று எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருக்கும்? ஆண்டில் 90 நாட்கள் மல்லர்கள் மேடையில் ஏறுகிறார்கள். எஞ்சிய நாட்களில் அவர்கள் வாழும் வாழ்க்கையே அந்தத் 90 நாட்களையும் உண்டாக்குகிறது. ஒரு வித்துவானின் கச்சேரியை மட்டும் கேட்டவனுக்கும், அவர் விடியற்காலையில் தம் குருவின் வீட்டில் சாதகம் செய்ததை ஒரு நாளேனும் பக்கத்திலிருந்து கேட்டவனுக்கும் உள்ள வித்தியாசம் எவ்வளவோ, அவ்வளவு வித்தியாசம் இங்கேயும் உண்டு.

சுமார் 600 மல்லர்கள் இன்று இத்தொழிலில் இருக்கிறார்கள். அவர்கள் ஏறக்குறைய 45 குருகுலங்களில் வசிக்கிறார்கள். ஜப்பானியர் அவற்றை ஹெயா என்கிறார்கள். ஓய்வுபெற்ற மல்லர் ஒருவர் குருவாக இருந்து பயிற்சியை நடத்த, அவருடைய மனைவி இல்லத்தின் மற்றக் காரியங்களை நிர்வகிக்க, பதினைந்து வயதில் நடுநிலைப் பள்ளிப் படிப்பை முடித்துக்கொண்டு வந்து சேர்ந்த சிறுவர்கள் முதல் முப்பது வயதைக் கடந்த அனுபவசாலிகள் வரை ஒரே கூரையின் கீழ் உண்டு உறங்கிப் பயிலுகிறார்கள். மேல் இரண்டு பிரிவுகளைச் சேர்ந்த 70 பேருக்குத்தான் மாதச் சம்பளம். மற்றவர்களுக்கு உணவும் உறைவிடமும் பந்தயந்தோறும் ஒரு சிறு தொகையும் உண்டு. அவற்றைப் பெற்றுக்கொண்டு, சமைப்பதும் பெருக்குவதும் துணி வெளுப்பதும் மூத்தவர்களுக்குப் பணிவிடை செய்வதும் தங்கள் பயிற்சியின் அங்கங்களே என்று ஏற்றுக்கொண்டு, பதவி உயரும் நாளை எதிர்நோக்கி அவர்கள் காத்திருக்கிறார்கள்.

இந்தக் குருகுலங்களில் நடைபெறும் காலைப் பயிற்சியே பந்தயம் இல்லாத மாதங்களில் காணத்தக்கவற்றுள் தலையாயது. விடியற்காலை ஐந்து அல்லது ஆறு மணிக்கு, வெறும் வயிற்றோடு, மிகக் கீழ்ப்படியில் உள்ள சிறுவர்கள் முதலில் மண் களத்தில் இறங்குகிறார்கள். பதவி உயர உயர, களத்துக்கு வரும் நேரமும் தள்ளிப் போகிறது. சம்பளம் பெறும் மல்லர்கள், தங்கள் நிலைக்கு அடையாளமான மவாஷி என்னும் கச்சையை வெள்ளை நிறத்தில் இடுப்பில் இறுகச் சுற்றிக்கொண்டு வந்து சேரும்போது, கறுப்பு மவாஷி அணிந்த இளைஞர்களின் உடம்பில் வியர்வையும் மண்ணும் ஒன்றாகக் குழைந்திருக்கும். காலை ஒருபுறமாக உயர்த்தி நிதானமாக நிறுத்திப் பின் தரையில் ஓங்கி மிதிக்கும் ஷிகோ என்னும் அப்பியாசத்தை அவர்கள் நூற்றுக்கணக்கான தடவை செய்கிறார்கள். பாதம் தரையை விட்டு எழாமல் மண்ணைத் தேய்த்தவாறே முன்னேறுகிறார்கள். மூலையில் நட்டிருக்கும் மரத்தூணை மாறிமாறி உள்ளங்கையால் அறைகிறார்கள். கால்களை இருபுறமும் விரித்து அமர்ந்து, அத்தனை பெரிய உடம்பை வளைத்து, மார்பு தரையில் படியும்படி குனிகிறார்கள். பருத்த சரீரம் என்றால் மந்தமான சரீரம் என்று எண்ணியிருக்கும் குழந்தைக்கு, அந்த எண்ணம் தவறு என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் போதிக்க முடியாது.

அதன்பின் சண்டைகள் தொடங்குகின்றன. வென்றவன் களத்திலேயே நிற்க, சுற்றி நிற்பவர்கள் எல்லோரும் ‘என்னை அழை, என்னை அழை’ என்னும் பாவனையில் கூவிக்கொண்டு அவன்மேல் பாய, அவன் அவர்களுள் ஒருவனைத் தெரிந்தெடுக்கிறான். தோற்றவன் விலகி மறுபடி முயல்கிறான். கூச்சப்பட்டுப் பின்னால் நிற்பவனுக்கு அங்கே பயிற்சியே கிடைக்காது. இறுதியில், மூத்தவர் ஒருவர் தம் மார்பைத் தடையாகக் கொடுத்து நிற்க, களைத்துப்போன இளைஞன் அவரைக் களத்தின் ஓரம் வரை தள்ளிக்கொண்டு போய், உருட்டி விடப்பட்டு, மண்ணோடு மண்ணாக எழுந்து, மூச்சு இரைக்க மீண்டும் தள்ளுகிறான். இது முடிந்ததும் களத்தைப் பெருக்கிச் சமன்செய்து, நடுவில் சிறு மணற்குவியல் அமைத்து, தேவதைக்குரிய வெள்ளைக் காகிதத் தோரணத்தை அதில் நட்டுவைக்கிறார்கள். அதுவரை யுத்தகளமாக இருந்த இடம் அந்தக் கணத்தில் சந்நிதியாகிவிடுகிறது.

பார்க்கச் சிறிது கடுமையாக இருக்கக்கூடிய இக்காட்சியைப் பற்றிப் பெற்றோர் முன்கூட்டியே குழந்தைகளிடம் பேசிவைப்பது நல்லது. கடுமை எல்லை கடந்த சந்தர்ப்பங்களும் இந்தத் தொழிலின் சரித்திரத்தில் உண்டு என்பதை மறைப்பதில் பயனில்லை. 2007ஆம் ஆண்டில் 17 வயது இளைஞன் ஒருவன் தன் குருகுலத்திலேயே அடிபட்டு இறந்துபோனான். அவனுடைய குரு சுமோ சங்கத்திலிருந்து விலக்கப்பட்டுச் சிறைத் தண்டனையும் அடைந்தார். ஒரு கலையை நேசிக்கிறவன் அதன் பெருமையைச் சொல்லும் வாயினாலேயே அதன் குற்றத்தையும் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறான்.

எல்லாக் குருகுலங்களும் அந்நியரை அனுமதிப்பதில்லை. பல இடங்களில் ஜப்பானிய மொழி தெரிந்த ஒருவர் கூட வந்தால்தான் சம்மதிப்பார்கள். சில இடங்களில் வழிகாட்டி நிறுவனங்கள் மூலமே போக முடியும். அதற்குக் கட்டணமும் கணிசமானது. தோக்கியோவின் நிஹோன்பாஷி ஹமாச்சோ பகுதியில் இருக்கும் அராஷியோ குருகுலமோ, தெருவை நோக்கிய பெரிய கண்ணாடி ஜன்னல்களின் வழியே வழிப்போக்கர்களும் பார்க்கும்படி அமைந்திருக்கிறது. சிறு குழந்தைகள் உள்ள குடும்பத்துக்கு இதைவிட உகந்த ஏற்பாடு வேறில்லை. ஏனென்றால், உள்ளே சென்று அமர்ந்தால் இரண்டு மணி நேரம் வாய் திறக்காமல், எழுந்து நடமாடாமல், எதையும் தின்னாமல், பாதங்களைக் களத்தின் பக்கம் நீட்டாமல் இருக்க வேண்டும். நான்கு வயதுக் குழந்தையிடம் இதை எதிர்பார்ப்பது குழந்தைக்கும் நியாயமல்ல, பயிலுகிறவர்களுக்கும் நியாயமல்ல.

இன்னொன்றும் அறிந்திருக்க வேண்டும். பந்தயம் முடிந்த அடுத்த வாரம் குருகுலங்களில் பெரும்பாலும் ஓய்வு. மார்ச் மாதப் பந்தயம் ஒசாகாவிலும், ஜூலைப் பந்தயம் நகோயாவிலும், நவம்பர்ப் பந்தயம் ஃபுகுவோகாவிலும் நடைபெறுவதால், அவற்றுக்கு இரண்டு வாரம் முன்பே எல்லோரும் தோக்கியோவைக் காலி செய்துவிட்டு அந்தந்த ஊர்களில் கோயில்களிலும் பிற இடங்களிலும் முகாம் போட்டுவிடுகிறார்கள். ஆகவே பிப்ரவரிக் கடைசியில் தோக்கியோவில் தேடுகிறவனுக்குக் கிடைக்காதது, அதே சமயத்தில் ஒசாகாவில் கிடைக்கக்கூடும்.

குருகுலம் சுமோவின் தவம் என்றால், சுற்றுப்பயணம் அதன் உற்சவம். ஏப்ரல், ஆகஸ்டு, அக்டோபர், டிசம்பர் ஆகிய இரட்டைப்படை மாதங்களில் மல்லர்கள் பெரும் கோஷ்டியாகப் புறப்பட்டு, ஊர் ஊராகச் சென்று, ஒவ்வோரிடத்திலும் பெரும்பாலும் ஒரு நாள் மட்டும் தங்கி, அவ்வூர் விளையாட்டு மண்டபத்தில் களம் அமைத்து மக்களை மகிழ்விக்கிறார்கள். டிசம்பரில் தெற்கே கியூஷூவும் ஒகினாவாவும் அவர்கள் வழியில் அமையும். பதவிக்கோ பதக்கத்துக்கோ இங்கே வெற்றி தோல்வி கணக்கில் சேர்வதில்லை. அதனாலேயே பந்தய மண்டபத்தில் புன்னகை அறியாத முகங்கள் இங்கே மலர்ந்திருக்கின்றன. காலையில் வாயில் திறந்ததும் பயிற்சியை வெகு சமீபத்திலிருந்து பார்க்கலாம்; பிறகு உள்ளூர்ச் சிறுவர்கள் மவாஷி கட்டிக்கொண்டு களத்தில் ஏறி, நாடறிந்த மல்லர் ஒருவரை மூன்று நான்கு பேராகச் சேர்ந்து தள்ளிப் பார்ப்பதும், அவர் ஒருவனை இடுப்பில் பிடித்துத் தூக்கி வெளியே வைப்பதும், மற்றொருவன் தள்ளியதும் தாமே விழுந்து காட்டுவதும் நடைபெறும். விதிமுறைகளில் விலக்கப்பட்ட ஒவ்வொரு செயலையும் இரண்டு மல்லர்கள் விகடமாகச் செய்து காட்டும் நிகழ்ச்சி ஒன்றுண்டு. மொழி தெரியாத குழந்தையும் விதியைப் புரிந்துகொண்டு விழுந்து விழுந்து சிரிக்கும். மல்லர்களே வட்டமாக நின்று பாடும் மெல்லிய நாட்டுப் பாடல்களும், சிகையலங்காரக் கலைஞர் ஒருவர் வாசனைத் தைலம் தடவிக் கூந்தலை இலை வடிவக் குடுமியாக முடித்துக் காட்டுவதும், யோகோசுனா என்னும் மிக உயர்ந்த பதவி வகிப்பவரின் இடுப்பில் கனத்த வெள்ளைக் கயிற்றைப் பலர் சேர்ந்து இழுத்துக் கட்டுவதும் சாதாரணப் பந்தய நாட்களில் ரசிகன் காணக் கிடைக்காதவை. பிற்பகல் மூன்று மணி அளவில் எல்லாம் முடிந்துவிடும். குடும்பத்துக்கு ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது என்றால், அந்த நாளை நான் சுற்றுப்பயணத்துக்கே கொடுப்பேன். அதற்காக இரண்டு மணி நேரம் ரயிலில் சிற்றூருக்குப் போகவேண்டி நேர்ந்தாலும் அது வீணல்ல, ஜப்பானின் சிற்றூர் ஒன்று திருவிழாக் கோலத்தில் இருப்பதையும் சேர்த்துப் பார்த்ததாகிவிடும்.

தோக்கியோவை விட்டு அகல முடியாதவர்களுக்கு அந்நகரின் ரியோகோகுப் பகுதி இருக்கிறது. 1985இல் திறக்கப்பட்ட கொக்குகிகான் என்னும் பந்தய மண்டபத்துக்குள்ளே சுமோ அருங்காட்சியகம் ஒன்று உண்டு. மரச்செதுக்கு ஓவியங்கள், மல்லர்களின் பதவி வரிசையை எறும்பு வரிபோல நுணுக்கி எழுதிய பழைய பட்டியல்கள், பொன்னிழைப் பூவேலை செய்த சடங்கு ஆடைகள் முதலியவற்றை அவ்வப்போது மாற்றிக் காட்சிக்கு வைக்கிறார்கள். பந்தய நாட்களில் சீட்டு வாங்கியவர்கள் மட்டுமே இதனுள் புகலாம். மற்ற நாட்களில் இலவசம். சனி ஞாயிறுகளில் மூடியிருக்கும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். மண்டபத்திலிருந்து சிறிது தூரம் நடந்தால் எகோயின் என்னும் கோயில். 1657இல், தோக்கியோவின் பழைய உருவான எதோ நகரையே விழுங்கிய பெருந்தீயில் மாண்டவர்களுக்காக எழுந்த இக்கோயிலின் வளாகத்தில், கோயில் திருப்பணிக்கு நிதி சேர்ப்பதற்கென்று நடந்த சுமோ, 1833 முதல் நிலைபெற்று, 1909இல் முதல் கொக்குகிகான் கட்டப்படும் வரை தொடர்ந்தது. மறைந்த மல்லர்களுக்காக 1936இல் நாட்டப்பட்ட பெரிய கல் ஒன்று இன்றும் அங்கே நிற்கிறது. இன்னும் தெற்கே ஃபுகாகாவாவில் உள்ள தொமியோகா ஹாச்சிமான் கோயிலுக்குப் போனால், 1684இல் இத்தகைய சுமோவுக்கு அரசாங்க அனுமதி கிடைத்த இடத்தையும், யோகோசுனாக்களின் பெயர்களைப் பொறித்த 1900ஆம் ஆண்டுக் கல்லையும் காணலாம். புதிதாக ஒருவர் அப்பதவிக்கு உயரும்போது அவர் பெயரும் இதே கல்வரிசையில் சேர்கிறது.

டிசம்பர்க் குளிரில் ரியோகோகுத் தெருவில் மெல்லிய பருத்தி யுகாதா மட்டும் அணிந்து, மரக்கட்டைச் செருப்பு ஒலிக்க நடந்துபோகும் இளைஞனைக் கண்டால், அவன் கீழ் இரண்டு பிரிவுகளில் ஒன்றைச் சேர்ந்தவன் என்று குழந்தைகளுக்குச் சொல்லலாம். மேலாடை போட்டுக்கொள்ளும் உரிமைகூட அங்கே உழைத்துச் சம்பாதிக்க வேண்டியது.

சுற்றுலாப் பயணிகளுக்கென்றே அமைந்த காட்சிகள் அண்மையில் பெருகியிருக்கின்றன. 2024இல் ஒசாகாவின் நம்பா பகுதியில் திறக்கப்பட்ட ஹிராகுசா அரங்கம் இவற்றுள் ஒன்று. ஓய்வுபெற்ற மல்லர்கள் விதிகளை விளக்கி, மோதிக் காட்டி, காற்றடைத்த உடைகளை மாட்டிக்கொண்ட விருந்தினர்களைக் களத்தில் ஏற்றி விளையாடச் செய்கிறார்கள். இவையெல்லாம் போலி என்று ஒதுக்கிவிடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. முப்பது வயதுக்குள் இடுப்பும் முழங்காலும் தேய்ந்து, வேறு தொழில் அறியாமல் வெளியேறும் மல்லனுக்கு, தான் கற்ற வித்தையாலேயே பிழைக்க ஒரு வழி இருப்பது நல்லது. ஆறு வயதுக் குழந்தைக்கு, மௌனமாக அமர வேண்டிய குருகுலத்தைவிட, சிரித்து விழுந்து எழக்கூடிய இந்த இடமே பொருத்தமானது. ஆனால் இதைப் பார்த்துவிட்டுச் சுமோவைப் பார்த்துவிட்டோம் என்று திரும்புவது மட்டும் சரியாகாது.

பெண் குழந்தைகளோடு போகிறவர்களிடம் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். தொழில்முறைச் சுமோவில் பெண்கள் களத்தின்மேல் கால் வைக்கக்கூடாது என்னும் சம்பிரதாயம் இன்றளவும் நீடிக்கிறது. 2018 ஏப்ரலில் மைசுரு நகரில் நடந்த சுற்றுப்பயண நிகழ்ச்சியில், உரையாற்றிக்கொண்டிருந்த நகரத் தலைவர் மயங்கி விழ, அவருடைய உயிரைக் காக்கக் களத்தில் ஏறி முதலுதவி செய்த பெண்களை இறங்கும்படி ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். சங்கத்தின் தலைவர் பின்னர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். அதே வசந்தத்தில் ஷிசுவோகாவில் சிறுவர் சுமோவில் சிறுமிகள் பங்குபெற வேண்டாம் என்றும் சொல்லப்பட்டது. உயிருக்குப் போராடுகிறவன் அருகே நிற்கும் கைக்கு ஆண் பெண் பேதம் பார்க்கிற சம்பிரதாயம் தன் புனிதத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது என்றே நான் கருதுகிறேன். இதை உங்கள் மகளிடம் முன்பே சொல்லி அழைத்துச் செல்லுங்கள்; அண்ணன் களத்தில் ஏற, தான் மட்டும் ஏன் கீழே நிற்கிறோம் என்று அவள் அங்கே கேட்கும்படி விடாதீர்கள். கூடவே, தொழில்முறைக்கு வெளியே பெண்களும் சுமோ பயிலுகிறார்கள் என்பதையும், 2001 முதல் அவர்களுக்கு உலகப் போட்டிகள் நடைபெற்று வருகின்றன என்பதையும் சொல்லுங்கள்.

அவளும் களத்தில் ஏறக்கூடிய ஓர் இடம் நாரா மாகாணத்தின் கட்சுராகி நகரில் இருக்கிறது. கி.பி. 720இல் தொகுக்கப்பட்ட நிஹோன் ஷோகி என்னும் பழைய சரித்திர நூல், சுமோவின் ஆதி நிகழ்ச்சியாக நோமி நோ சுகுனே, தாய்மா நோ கெஹாயா என்னும் இருவரின் சண்டையைச் சொல்லுகிறது. அதில் தோற்று உயிர்விட்டவன் கெஹாயா. வென்றவனுக்கு நாடெங்கும் கோயில்கள் இருக்க, தோற்றவனை அவன் சொந்த ஊர் மறக்கவில்லை. அவன் நினைவாக ஒரு கல் ஸ்தூபியைக் காத்து, அதன் அருகிலேயே 1990இல் ஓர் அருங்காட்சியகத்தையும் கட்டியிருக்கிறது. அங்கே பந்தயக் களத்தின் அளவிலேயே மண் களம் ஒன்று அமைத்து, வருகிற ஆண், பெண், குழந்தை எல்லோரையும் ஏற அனுமதிக்கிறார்கள். 4.55 மீட்டர் விட்டமுள்ள அந்த வட்டத்துள் நின்று பார்த்தால்தான், 150 கிலோ எடையுள்ள இருவர் மோதிக்கொள்வதற்கு அது எவ்வளவு குறுகிய இடம் என்பது விளங்கும். நாராவுக்கு மான்களைக் காணப் போகும் குடும்பங்களில் ஒன்றிரண்டேனும் இங்கே எட்டிப் பார்க்க வேண்டும் என்பது என் விருப்பம்.

சுமோவின் வேர் கோயில்களில் இருப்பதால், பந்தயத்தோடு தொடர்பே இல்லாத வழிபாட்டுச் சுமோக்களும் ஆங்காங்கே நிகழ்கின்றன. ஏப்ரல் கடைசியில் அசாகுசாவின் சென்சோஜி கோயிலில், மாணவ மல்லர்கள் கைக்குழந்தைகளை எதிரெதிரே ஏந்தி நிற்க, அழுத குழந்தை ஆரோக்கியமாக வளரும் என்னும் நம்பிக்கையில் பெற்றோர் சுற்றி நின்று மகிழ்கிறார்கள். உள்நாட்டுக் கடலில் உள்ள ஒமிஷிமாத் தீவின் ஓயமாசுமி கோயிலில், கண்ணுக்குப் புலப்படாத நெல்தேவதையோடு ஒரே ஒரு மல்லர் மூன்று முறை மோதி, இரண்டு முறை தோற்கிறார். தேவதை வென்றால் விளைச்சல் செழிக்கும். பழைய சந்திர மாதக் கணக்கில் ஐந்தாம் மாதம் ஐந்தாம் நாளிலும், ஒன்பதாம் மாதம் ஒன்பதாம் நாளிலும் இது நடைபெறுகிறது.

உணவு விஷயத்தில் ஒரு சொல். மல்லர்களின் சாங்கோ என்னும் பெருங்குழம்பைப் பரிமாறும் கடைகள் ரியோகோகுவில் நிறைய இருக்கின்றன; அவற்றுள் சில முன்னாள் மல்லர்கள் தொடங்கியவை. கோழியும் மீனும் அதில் பிரதானம். காய்கறி மட்டும் போடச் சொன்னாலும் சாறு பெரும்பாலும் மீனிலிருந்தோ கோழியிலிருந்தோ இறக்கியதாகவே இருக்கும். சைவ உணவு உண்போர் வேறு ஏற்பாடு செய்துகொள்வது உசிதம்.

விமானச் சீட்டு வாங்குவதற்கு முன்பே சுமோ சங்கம் வெளியிடும் சுற்றுப்பயண நாட்காட்டியைப் பாருங்கள். உங்கள் வழியில் உள்ள ஊர் ஒன்று அதில் இருந்தால் அந்த நாளை ஒதுக்கிவையுங்கள். குருகுலத்துக்குப் போவதாயிருந்தால், மறுநாள் பயிற்சி உண்டா, உங்களை அனுமதிப்பார்களா என்று முதல் நாள் மாலையிலேயே விடுதிப் பணியாளரைக் கொண்டு ஜப்பானிய மொழியில் தொலைபேசியில் கேட்கச் சொல்லுங்கள். இல்லை என்று பதில் வந்தால், அது அவர்கள் வாழும் வீடு என்பதை எண்ணி வருந்தாமல் விட்டுவிடுங்கள். ஆம் என்று வந்தால், அன்றிரவு குழந்தைகளைச் சீக்கிரம் தூங்க வைத்து, விடியுமுன் எழுப்பி, அவர்களுக்கு ஏதேனும் உண்ணக் கொடுத்துவிட்டு, ஏழரை மணிக்குள் அங்கே இருங்கள்.